பதினேழு பேர் கொடுக்காத புகார்

பேருந்துப் பணிமனையில் எல்லோருக்கும் அவள் கம்ப்யூட்டரக்கா. யார் எந்த வண்டியை எத்தனை மணிக்கு எடுப்பது என்பதில் தொடங்கி, கேன்டீன் டீ வரை அவள் எழுதிய புரோகிராம்தான் நடத்திக்கொண்டிருந்தது. எழுதியது ரூபி மொழியில். சுருக்கமாகச் சொன்னாலே புரிந்துகொள்ளும் மொழி அது. சில சமயம் நாம் சொல்லாததையும் சேர்த்துப் புரிந்துகொண்டுவிடும், அதுதான் தொல்லை.

டீ விஷயம் ரொம்ப எளிது. வருகிறவர் தன் எண்ணைத் தட்டினால், டீ மாஸ்டரின் திரையில் 'சர்க்கரை உண்டு' என்றோ 'இல்லை' என்றோ வரும். முதலிலேயே எல்லோரிடமும் ஒரு படிவம் கொடுத்துக் கேட்டிருந்தாள். பாதிப் பேர் அதை மடித்துக் காது குடைந்தார்களே தவிர நிரப்பவில்லை. அந்தப் புண்ணியவான்களுக்குத் தானாகவே 'உண்டு' என்று விழட்டும் என்று ஒரு வரி எழுதினாள். இரண்டு செங்குத்துக் கோடு, பக்கத்தில் ஒரு சமக்குறி. இடம் காலியாக இருந்தால் இதைப் போட்டுக்கொள் என்று அர்த்தம். காலிப் படிவம் ஒன்றை வைத்துச் சோதித்தாள், தன் படிவத்தை வைத்துச் சோதித்தாள். சரியாக வந்தது. அவளோ இரண்டு கரண்டி சர்க்கரை போட்டுக் குடிக்கிறவள்!

அவள் வீட்டுக்காரர் அதே பணிமனையில் ஓட்டுநர். இருபத்திரண்டு வருஷம் ஸ்டீயரிங் பிடித்த கை. சர்க்கரை நோய் வந்ததிலிருந்து வீட்டில் அவருக்குக் கெடுபிடி. அவர் படிவத்தில் 'வேண்டாம்' என்று அவளே குறித்தாள்.

எட்டு மாதம் கழித்து வந்த மருத்துவச் சோதனையில் அவருடைய சர்க்கரை அளவு எகிறிக் கிடந்தது.

"மூணு மாசம் டைம் தரேன். குறையலைன்னா வண்டி ஓட்ட அனுமதி கிடையாது, ஆபீஸ்லதான் உக்காரணும்" என்றார் டாக்டர்.

அன்று வீடு இரண்டுபட்டது.

"எனக்குத் தெரியாம என்னத்தைத் திங்கறீங்க?"

"நீ போடறதைத்தான் திங்கறேன். வெளியில டிப்போ டீ மட்டும்தான், ஒரு நாளைக்கு ஆறு."

"அது சர்க்கரை இல்லாத டீதானே?"

மனுஷன் சிரித்தார். திருட்டுச் சிரிப்பு என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் கையும் களவுமாகப் பிடிக்கக் கேன்டீன் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அவர் டீ வாங்கினார், பாதி குடித்தார், நேரமாகிவிட்டதென்று டம்ளரை வைத்துவிட்டு வண்டிக்கு ஓடினார். வேறொன்றையும் தொடவில்லை. மிச்சத்தை எடுத்து ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். உதடு ஒட்டியது.

"என்னை ஏங்கா முறைக்கறீங்க? ஸ்கிரீன் சொல்லுது, நான் போடறேன்" என்றார் டீ மாஸ்டர்.

ஓடிப்போய்த் தன் வரியைப் பார்த்தாள். தலையில் அடித்துக்கொண்டாள். எதுவும் சொல்லாமல் விட்டதையும், 'இல்லை' என்று சொன்னதையும் அந்தக் குறி ஒன்றாகத்தான் பார்க்கும். படித்த பாடம்தான், மறந்து தொலைத்திருந்தாள். 'வேண்டாம்' என்ற பதினேழு பேருக்கும் அது 'உண்டு' என்று மாற்றி, நாள் தவறாமல் சர்க்கரை ஊட்டியிருக்கிறது. எட்டு மாதத்தில் ஒரு புகார் இல்லை. பதினேழு பேரும் சத்தம் காட்டாமல் சப்புக்கொட்டியிருக்கிறார்கள்!

'ஒன்றுமே சொல்லாமல் விட்டிருந்தால் மட்டும்' என்று வரியைத் திருத்தினாள். அடுத்த நாள் பதினாறு புகார் வந்தது. டீத்தூள் சரியில்லையாம், பால் சரியில்லையாம், மாஸ்டருக்குக் கைப்பக்குவம் போய்விட்டதாம். மேலாளரிடம் தப்பை ஒப்புக்கொண்டாள். பதினாறு பேரையும் தனித்தனியே பார்த்து உண்மையைச் சொல்லி, ரத்தம் சோதிக்கச் சொன்னாள். பதினேழாவது ஆளிடம் மட்டும் வாய் வரவில்லை. தன் தப்புக்கு அவரையல்லவா அத்தனை திட்டியிருந்தாள்! அவரும் ஒன்றும் கேட்கவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தார்.

மூன்று மாதம் கழித்துப் பணிமனையிலேயே மறுசோதனை. அவள் வெளியே நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். சான்றிதழும் கையுமாக அவர் வந்தார். வண்டி அவருக்குத்தான். அவளுக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது.

"இப்பவாவது சொல்லு, டீல சர்க்கரையை ஏன் நிறுத்தின? அவ்வளவு கோவமா?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"மொத நாளே தெரியும். வீட்ல திட்டினாலும் இங்க பாவம் பார்த்து ரகசியமா போட்டுக் குடுக்கறாளேன்னு நினைச்சேன். உன்னைக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னுதான் வாயைத் திறக்கல."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"நான் போடலைங்க. என் புரோகிராம்ல தப்பு. நீங்க வேண்டாம்னதை அது உண்டுன்னு மாத்திடுச்சு. உங்களைத் திட்டினதுக்கு மன்னிச்சிடுங்க."

"அப்போ எட்டு மாசம் உன் பாசம்னு நான் குடிச்சது?"

"தப்பு. இந்த மூணு மாசம் கசந்துச்சே, அதுதாங்க நான் போட்டது."

அவர் சான்றிதழை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"ஏறு, வண்டிக்கு நேரமாச்சு" என்றார்.