என் வாயில் இன்னொருத்தியின் குரல்

எழுபதுகளின் கடைசியில் எங்கள் பக்கமெல்லாம் சினிமாக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். அதுவரை ஸ்டுடியோவுக்குள் கிராமத்தைக் கட்டிக்கொண்டிருந்தவர்களுக்குத் திடீரென்று நிஜப் புழுதி தேவைப்பட்டது. மதுரை ஜில்லாவில் எழுமலைக்கு மேற்கே ஒரு களத்துமேட்டில் கேமராவை நிறுத்தினார்கள். நான் அப்போது பால்வாடி டீச்சர். கூலிக்கு நாற்று நட்ட குடும்பத்தில் பத்தாவது வரை படித்த முதல் பெண். வேடிக்கை பார்க்கப் போன என்னை டைரக்டர் கூப்பிட்டு, "சத்தமாப் பேசுவியாம்மா?" என்று கேட்டார்.

"பால்வாடிப் புள்ளைகள மேய்க்கிறவகிட்ட இதப் போய்க் கேக்குறீகளே" என்றேன்.

கதாநாயகியின் அண்ணி வேஷம் கொடுத்தார். அந்த அண்ணியின் புருஷன் செத்த பிறகு பங்காளிகள் அவள் நிலத்தைக் கேட்டு வருவார்கள். களத்தில் நின்று அவள் முடியாது என்று சொல்ல வேண்டும். எழுதிக் கொடுத்த வசனம் என் நாக்கில் ஒட்டவில்லை. "உனக்கு எப்பிடி வருதோ அப்பிடிச் சொல்லு" என்றார். சொன்னேன்.

"எங்க வீட்டு ஆம்பள செத்ததுக்குத் தாலிய அறுத்தேன். நெலத்தையும் அறுத்துக் குடுக்கணுமாக்கும்? எவன் வாரான், வாங்கடா பாப்போம்!"

லைட் பிடித்தவர்கள் கை தட்டினார்கள். டைரக்டர் ஒரு தடவைதான் எடுத்தார்.

படம் ஊருக்கு வந்தபோது டூரிங் டாக்கீஸில் மணல் குவித்து உட்கார்ந்தோம். ஒரு பக்கம் என் வீட்டுக்காரர், இன்னொரு பக்கம் ஆத்தா. அந்தக் காட்சி வந்தது. திரையில் என் முகம், என் கண், என் கழுத்து நரம்பு. வாய் திறந்தது. வந்த குரல் என்னுடையது இல்லை. "அவர் போனதுக்குத் தாலியைக் கழட்டினேன். நிலத்தையும் எழுதித் தரணுமா?" என்று யாரோ ஒருத்தி பட்டணத்துத் தமிழில் அழகாகக் கேட்டாள்.

ஆத்தாவுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. "வாயி உன்னுது. சத்தம் யாருதுடி?" என்றாள். சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

என் வீட்டுக்காரர் லாரி டிரைவர். நாலு ஊர் பார்த்தவர். "சினிமான்னா அப்பிடித்தான் செய்வாய்ங்க. விடு" என்றார். என்னால் விட முடியவில்லை. மதுரையில் இருந்த படக் கம்பெனி ஆளைத் தேடிப் போய்க் கேட்டேன். "பட்டிக்காட்டுப் பேச்சும்மா. மத்த ஊர்ல புரியாது. அதான் மெட்ராஸ்ல ஒரு அம்மாவ வச்சுப் பேச வச்சோம்" என்றார். அந்த அம்மா யார் என்று கேட்டதற்கு, "யாரோ டப்பிங்குக்கு வர்றவங்க" என்றார். படத்தின் தொடக்கத்தில் ஓடிய எழுத்துக்களில் குரல் கொடுத்தவர் என்று யார் பெயரும் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

படம் நன்றாக ஓடியது. மதுரையில் சினிமா ரசிகர்கள் சேர்ந்து நடத்திய ஒரு சங்கம் வருஷா வருஷம் கேடயம் கொடுக்கும். அந்த வருஷம் சிறந்த துணை நடிகை நான் என்று சொல்லி அனுப்பினார்கள்.

விழா ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், தமுக்கம் மைதானத்துக்குப் பக்கத்தில் ஒரு மண்டபத்தில். கூட வந்த என் வீட்டுக்காரரைச் சபையிலும் என்னை மேடைக்குப் பின்னால் ஒரு மடக்கு நாற்காலியிலும் உட்கார வைத்தார்கள். அங்கிருந்தே எல்லாருடைய பேச்சையும் கேட்டேன். கதாநாயகன் "நீங்கள் இல்லாமல் நானில்லை" என்பதை வேறு வேறு விதமாகச் சொல்லிக் கடைசியில் கண் கலங்கினார். விசில் பறந்தது. பாட்டுக்காரர் பேச வரவில்லை என்று சொல்லி ரெண்டு வரி பாடிவிட்டுப் போனார். வயதான நகைச்சுவை நடிகர் கேடயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத மாட்டணும்னா ஆணி அடிக்கணும். வீட்டுக்காரன் வாடகையத்தான் ஏத்துவான், ஆணிய ஏத்த விடமாட்டான்" என்றார். நான்கூட வாய்விட்டுச் சிரித்தேன்.

அப்போதுதான் சங்கத்துச் செயலாளர் வந்தார். கதர்ச் சட்டை, சட்டைப் பையில் ரெண்டு பேனா.

"இந்தாம்மா, அடுத்தது நீதான். கேடயத்த வாங்கு, சபைக்கு ஒரு கும்பிடு போடு, இறங்கிரு. பேச வேணாம்."

"எல்லாரும் பேசுறாகளேண்ணே?"

"படத்துல ஜனம் கேட்ட குரல் வேற. இங்க நீ வாயத் தெறந்தா சிரிச்சிருவாங்க. ஒனக்குத்தான் அசிங்கம்."

"நடிச்சதுக்குத்தானே கேடயம்? நடிச்சது நான்தானே?"

அவர் பதில் சொல்வதற்குள் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

கேடயத்தை வாங்கினேன். கும்பிட்டேன். படிக்குப் போகாமல் மைக்குக்குப் போனேன். அசிங்கம் என்று செயலாளர் சொன்ன அந்த ஒரு வார்த்தை என்னைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருந்தது.

"எல்லாருக்கும் வணக்கம். நீங்க படத்துல கேட்டது என் கொரல் இல்ல" என்றேன். செயலாளர் சொன்ன மாதிரியே சிரித்தார்கள். சிரித்து முடிக்கட்டும் என்று நின்றேன். "இதுதான் என் கொரல். எங்க பேச்சு புரியாதுன்னு எடுத்துட்டாக. இந்த மண்டபத்துல இருக்க யாருக்காச்சும் நான் இப்பப் பேசுறது புரியலையா?"

"புரியுது, புரியுது" என்று பின்வரிசையிலிருந்து கத்தினார்கள்.

"எனக்காகப் பேசுன அந்தம்மாவும் நல்லாத்தான் பேசியிருக்காக. பாதிக் கேடயம் அவுகளுக்குச் சேரணும். அவுக பேரு இங்க யாருக்காச்சும் தெரியுமா?"

மேடையில் மாலையோடு உட்கார்ந்திருந்த தயாரிப்பாளர் பக்கம் திரும்பினேன். "படத்த எடுத்தவுக, உங்களுக்காச்சும் தெரியுமாய்யா?" அவர் குனிந்து மாலையில் உதிர்ந்த பூவைப் பொறுக்க ஆரம்பித்தார்.

"எங்கிட்ட இருந்து கொரல எடுத்தீக. அவுககிட்ட இருந்து பேர எடுத்தீக. ரெண்டு பொம்பளைகள வெட்டி ஒட்டி ஒருத்தியாக்கி, அவளுக்குக் கேடயம் குடுக்குறீக."

மைக் செத்தது. யாரோ அமர்த்தச் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு மைக் எதற்கு? ஒரு வயலில் நின்று நாலு வயல் தள்ளிக் கூப்பிட்டு வளர்ந்தவள் நான். களத்துமேட்டில் சொன்ன வசனத்தை, சொன்னபடியே, கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"அப்பிடிச் சொல்லு தாயி!" என்று பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. பிறகு கைத்தட்டல். முன்வரிசை மட்டும் தட்டவில்லை. மைக்குக்குத் திடீரென்று உயிர் வந்தது. செயலாளர் அதைப் பிடித்துக்கொண்டு, "நேரம் கருதி அடுத்த விருது" என்றார்.

கலைஞர்களுக்கு விருந்து இருந்தது. எங்களை யாரும் கூப்பிடவில்லை. வெளியே வந்து பரோட்டாக் கடையில் உட்கார்ந்தோம்.

"இனிமே எவன் ஒன்னக் கூப்புடுவான்?" என்றார் என் வீட்டுக்காரர்.

"கூப்புடாட்டிப் போறான்."

அவர் பரோட்டாவைப் பிய்த்தார். "தயாரிப்பாளர் பூப் பொறுக்குனத நீ சரியாப் பாத்தியா?" என்று கேட்டுவிட்டு, பரோட்டா தொண்டையில் அடைக்கச் சிரித்தார்.

அவர் சொன்னபடியே ரெண்டு வருஷம் யாரும் கூப்பிடவில்லை. பேப்பரில் நான் கும்பிடுகிற படம் வந்தது, பேசியது வரவில்லை. நான் பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தேன். பிறகு ஒரு புது டைரக்டர் தேடி வந்தார். அந்த விழாவில் பின்வரிசையில் நின்றுகொண்டிருந்தவராம். "நானே பேசுறதா இருந்தா வாரேன். இல்லாட்டி வரல" என்றேன். ஒத்துக்கொண்டார்.

படப்பிடிப்பு முடிந்ததும் குரல் கொடுக்க மெட்ராஸ் போனேன். ஸ்டுடியோ வராந்தாவில் என் வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டிருந்தபோது, காட்டன் புடவை கட்டிய ஒரு பெண் எதிரே வந்து நின்றார்.

"மதுரையில மேடையில பேசினது நீங்கதானே?" அந்தக் குரல் எனக்குத் தெரியும். திரையில் என் வாயிலிருந்து வந்த குரல். "உங்களால எனக்கு ரெண்டு படம் போச்சு, தெரியுமா? நான்தான் உங்களைத் தூண்டிவிட்டேன்னு நினைச்சுட்டாங்க."

நான் எதிர்பார்த்தது நன்றி. கிடைத்தது இது. ஆனாலும் மன்னிப்புக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

"படம் போனது எனக்கு வருத்தந்தான். ஆனா நான் சொன்னது பொய்யா?"

"பொய்யில்லை" என்றார். பக்கத்தில் உட்கார்ந்தார். "அந்தக் கோபத்துல அடுத்த கம்பெனிக்காரன்கிட்ட, எழுத்துல என் பேரைப் போட்டாத்தான் பேசுவேன்னு சொல்லிட்டேன். சிரிச்சான். எழுந்து வந்துட்டேன். அப்புறம் அவனே ஆள் அனுப்பினான்."

"போட்டாகளா?"

"போட்டான். எறும்பு அளவுக்கு."

ரெண்டு பேரும் சிரித்தோம். அதற்குள் உள்ளே கூப்பிட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒலிப்பதிவுக்காரர், "கொஞ்சம் ஊர் வாடை இல்லாம, சாஃப்டாப் பேசுங்கம்மா" என்றார். நான் வாய் திறப்பதற்குள் அந்தப் பெண் கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே தலை நீட்டினார்.

"அவங்க பேசுற மாதிரியே பேசட்டும் சார். இல்லேன்னா என்னைத்தான் கூப்பிடணும். நான் வரமாட்டேன்."

கதவைச் சாத்திவிட்டுப் போனார். சிவப்பு விளக்கு எரிந்தது. எனக்கு வருகிற மாதிரியே பேசினேன்.