கை நனைக்காத வீடு

மாக்சிக் என் முன்னால் வைத்த அந்தப் பீங்கான் தட்டு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. விளிம்பில் நீலப்பூ, நடுவில் ஆவி பறக்கும் சோறு, பக்கத்தில் மிளகாய் அரைத்துப் புரட்டிய மீன். "எனக்கு வேண்டாம், நான் வெளியில் சாப்பிடுவதில்லை" என்று தெரிந்த அரைகுறை மலாயில் சொல்லிவிட்டேன். வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த பாக்சிக் கையை அப்படியே நிறுத்திவிட்டார். பிள்ளைகள் என்னைப் பார்த்த பார்வையில், ஏதோ பெரிய ஆபத்தை விலைக்கு வாங்கிவிட்டேன் என்பது மட்டும் புரிந்தது.

மாக்சிக் என்றால் மலாயில் சின்னம்மா, பாக்சிக் என்றால் சித்தப்பா. கிள்ளானுக்கு வடக்கே, கடலோரத் தென்னந்தோப்புகளுக்குள் இருந்த மலாய்க் கம்பம், அதாவது கிராமம் அது. பத்துப் பதினைந்து வருஷம் இருக்கும். சதுப்பை மேடாக்கிச் சாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் நான் ஓவர்சியர். கூலியாட்களுக்குக் கூடாரம் அடித்திருந்தது. எனக்குக் கம்பத்துத் தலைவர் இவர்கள் வீட்டு முன்கூடத்தைக் காட்டி, "சாலை முடியும்வரை இதுதான் உன் வீடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் சாப்பிட மறுத்ததற்குக் காரணம் என் அண்ணி. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் அண்ணனுக்கு ரயில்வே குவார்ட்டர்ஸ் இருந்தது. தாயில்லாத என்னை ஊரிலிருந்து கப்பலேற்றி வரவழைத்து, சோறு போட்டு ஆளாக்கியவர் அண்ணி. சுத்த சைவம். அவருடைய ஆசாரத்தின் முன் அண்ணனே பெட்டிப் பாம்புதான். சனிக்கிழமை கம்பத்திலிருந்து வீடு திரும்பினால் வாசலிலேயே மறித்துக்கொள்வார். "தம்பி, அந்த வீட்ல கை நனைக்கலையே? நனைச்சிருந்தா இப்பவே சொல்லிடு. அடுப்படிப் பக்கம் வராதே." அவரிடம் பொய் சொல்ல எனக்கு நாக்கு எழாது. ஆகவே பொய் சொல்லத் தேவையில்லாதபடி நடந்துகொண்டேன்.

மறுபடியும் அந்த முதல் நாளுக்கு வருகிறேன். நான் வேண்டாமென்றதற்கு மாக்சிக் கோபித்துக்கொள்ளவில்லை, பயந்துபோனார். தந்த உணவை ஒதுக்கிவிட்டு வெளியே போகிறவனை வழியில் பாம்போ முதலையோ பிடித்துவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. அதற்குப் பரிகாரமும் அவர்களே வைத்திருந்தார்கள். சாப்பிட முடியாதவன் விரல்நுனியால் உணவைத் தொட்டு உதட்டில் வைத்துவிட்டால் போதும். தட்டை என் பக்கம் நீட்டிக்கொண்டு மாக்சிக் கெஞ்சினார். "சாப்பிடாட்டிப் பரவால்ல, தொட்டுட்டாவது போ லா. என் தம்பி ஒருநாள் அவசரத்துல காப்பியைத் தள்ளிவெச்சிட்டுப் படகேறினான். படகு மட்டும்தான் திரும்பி வந்துச்சு." மீன் இல்லாத ஓரமாகப் பார்த்துச் சோற்றைத் தொட்டு உதட்டில் வைத்தேன். அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மறுநாளிலிருந்து என் தட்டில் மீன் இல்லை. அந்த வீடு கால்கள் மேல் நின்ற பலகை வீடு. அதன் அடியில் எனக்கென்று மூன்று கல் வைத்து ஓர் அடுப்பு மூட்டிக்கொடுத்தார். தினமும் அந்த இடத்தைத் தானே பெருக்குவார். மீன் கழுவிய தண்ணீர் அங்கே ஒரு சொட்டு விழாது. கோழி எட்டிப்பார்த்தால்கூட விரட்டியடிப்பார். என் அண்ணியின் ஆசாரத்தை அண்ணியைவிடக் கடுமையாகக் காத்தவர் அவர். நான் கீழே உட்கார்ந்து சோற்றைப் பொங்கி மாங்காய் ஊறுகாயைத் தொட்டுக்கொள்வேன். மேலே அவர் தாளிக்கும் வாசனை பலகை இடுக்கு வழியாக என் தலையில் இறங்கும். பட்டபாடு எனக்குத்தான் தெரியும்.

வெள்ளிக்கிழமைகளில் பெங்காட் செய்வார். தேங்காய்ப்பாலில் வெல்லமும் வாழைப்பழமும் போட்டு, வாசனைக்கு ஒரு பாண்டான் இலையை முடிந்துபோட்டுக் காய்ச்சுவது. இதில் எது சைவத்துக்கு விரோதம் என்று நானும் எவ்வளவோ யோசித்துப் பார்த்தேன். வீடுதான் விரோதம். அன்றைக்கு மட்டும் என் விரல் கொஞ்சம் ஆழமாகவே இறங்கும். மாக்சிக் கூரையைப் பார்த்துக்கொள்வார். அவருடைய சின்ன மகளுக்குத்தான் பொறுக்காது. "அபாங், இன்னிக்கு விரல் நல்லாச் சாப்பிட்டுச்சா?" என்று கேட்டுவிட்டு ஓடுவாள். அபாங் என்றால் அண்ணன். சனிக்கிழமை அண்ணி கேட்கும்போது, கை வேறு விரல்நுனி வேறு என்று மனசுக்குள் ஒரு வக்கீல் வாதாடிக்கொண்டிருக்க, "இல்லை அண்ணி" என்பேன்.

காலையில் நான் சதுப்புக்குக் கிளம்பும்போது படிக்கட்டில் தட்டோடு நிற்பார். தொடாமல் இறங்க விடமாட்டார். ஒரு நாள்கூடத் தவறியதில்லை. வழியில் எனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அதற்கு முன் யாரும் அப்படி பயந்ததில்லை. சாலை முடிந்து கிளம்பிய அன்றும் தொட்டேன். விரல் உதட்டில் இருக்கும்போதே அழுகை வந்துவிட்டது.

அதன் பிறகு கோலாலம்பூரில் வேலை, கல்யாணம், பிள்ளைகள். அண்ணி போன வருஷம் காலமானார். வருஷத் திதி முடிந்து வந்து உட்கார்ந்தபோது, இனி என்னை வாசலில் மறித்துக் கேட்க ஆளில்லை என்று தோன்றியது. அழுதேன். அழுத கண்ணோடே அந்த நீலப்பூத் தட்டு ஞாபகத்துக்கு வந்ததைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஒரே ஒரு முறை அந்த வீட்டில் சம்மணமிட்டு உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட வேண்டும். வேறு ஆசை ஒன்றும் இல்லை.

போன மாதம் போனேன். காலையில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கிள்ளான் வரை ரயில். அங்கிருந்து நான் போட்ட சாலையிலேயே மோட்டார் பஸ். பாக்சிக் இறந்துவிட்டிருந்தார். மாக்சிக்குக் கண் மங்கிவிட்டது, ஆனால் என் குரலைக் கேட்டதும் எழுந்துவிட்டார். அந்தச் சின்ன மகள் இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். அவளிடம் பெங்காட் செய்யச் சொன்னார். அடுப்பில் தேங்காய்ப்பால் கொதிக்க ஆரம்பித்ததும் என் வயிறு கூப்பிட்டது எல்லோருக்கும் கேட்டிருக்கும்.

மாக்சிக் தட்டைத் தானே வாங்கிக்கொண்டு வந்தார். பேரப்பிள்ளைகள் என்னைச் சுற்றி உட்கார்ந்து வைத்த கண் வாங்காமல் பார்த்தார்கள். பழக்கதோஷம், விரல்தான் முதலில் போயிற்று. உதட்டில் வைத்துவிட்டு, தட்டை வாங்கக் கையை நீட்டினேன். அதற்குள் மாக்சிக் அதை எடுத்து மூடிவிட்டார்.

"போதும், போதும். உன் கட்டுப்பாடு எனக்குத் தெரியாதா? பார்த்தீங்களா பிள்ளைங்களா, நான் சொன்னது இவரத்தான். எத்தனை மாசம் நம்ம வீட்ல இருந்தாரு, ஒரு வாய் சாப்பிடல. நோன்பு நாள்ல பசிக்குதுன்னு இதுங்க அழும்போதெல்லாம் உன் கதையச் சொல்லித்தான் அடக்குவேன்."

எனக்குப் பசிக்கிறது என்று சொல்ல மலாயில் ஒரு வார்த்தை போதும். அது எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வது? இனி எத்தனை முறை போனாலும் அந்த வீட்டில் எனக்குத் தட்டு வரும், சோறு வராது. மாக்சிக் படிவரை வந்து, தொட்டாயிற்று, பத்திரமாகப் போய்ச் சேருவாய் என்று நிம்மதியாக வழியனுப்பினார்.

கிள்ளான் ஸ்டேஷனுக்கு எதிரே சாப்பாட்டுக் கடை திறந்திருந்தது. காதடைக்கும் பசி. ஆனாலும் உள்ளே போகக் கால் வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் மனைவி இலை போட வந்தாள்.

"போன எடத்துல சாப்ட்டீங்களா?"

"வயிறு நிறைய" என்றேன்.