எர்வே மாட்டிய நான்கு பலகைகள்

ஜூன் மாதத்தின் முதல் ஞாயிறு, காலை எட்டே காலுக்கு எங்கள் ஊர் தேவாலய வாசலிலிருந்து நாற்பத்தொரு சைக்கிள்கள் கிளம்பின. தார்ச்சாலையை முடிந்தவரை தொடாமல், சரளையும் மண்ணுமான பழைய வண்டிப் பாதைகளில் போய், மோன்செர்ஃப் நகரத்துப் பழைய மதிலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்ப வேண்டும். மொத்தம் அறுபத்திரண்டு கிலோமீட்டர். பாதி பேர் பெருநகரமான லியோனிலிருந்து வந்திருந்தார்கள். மீதிப் பேர் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள். அந்தப் பாதையைத் துண்டு துண்டாகத் தேடி இணைத்த எர்வே கொமாரே மட்டும் போகவில்லை. பெயர்ப் பட்டியலைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு, கடைசி சைக்கிள் ரொட்டிக் கடை மூலையில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீங்க ஏன் போகல?" என்று கேட்டேன்.

"திரும்பி வரவங்களுக்கு சாசேஜ் யாரு சுடறது? ஓதீலா? ஞாயித்துக்கிழமை அடுப்பைத் தொட்டா அவளுக்குக் கோபம் வரும்."

அவருடைய மனைவி ஓதீல் பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்ப்பவர். மேஜை விரித்துக்கொண்டிருந்தவர் திரும்பாமலே சொன்னார்: "நான் தொட்டா இல்ல. நீ தொட்டாத்தான்."

எர்வேக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. முப்பத்தொரு வருடமாக ஊராட்சி வேலை. சாலையோரப் புல் வெட்டுவது, வாய்க்கால் தூர்வாருவது, கிறிஸ்துமஸ் விளக்கு கட்டுவது, கல்லறைக் குழி வெட்டுவது, தண்ணீர் மீட்டர் பார்ப்பது எல்லாம் அவர்தான். இளவயதில் ரோவான் நகரத்தில் இரண்டு வருடம் மெக்கானிக் வேலை கற்றார். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர்தான் தெரிகிறது என்று திரும்பி வந்துவிட்டார். அதற்குப் பிறகு எங்கும் போகவில்லை, போக வேண்டும் என்றும் தோன்றவில்லை. நான் ஐந்து வருடம் சைக்கிளில் நாடு நாடாகச் சுற்றிவிட்டு வந்தபோது அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "அங்கெல்லாம் ரோட்டோரப் புல்லை எத்தனை உயரத்துல வெட்டறாங்க?" நான் கவனிக்கவில்லை என்றேன். "அப்ப என்னத்தப் பார்த்த, பெரிய மனுஷி?" என்றார்.

இந்தப் பாதை வேலையில் அவர் இறங்கியதற்கு ஒரு காரணம் இருந்தது. எங்கள் ஊருக்கும் மோன்செர்ஃபுக்கும் நடுவே நான்கு கிலோமீட்டர் பெரிய சாலை. மரம் ஏற்றிய லாரிகள் போகும் சாலை. மூன்று வருடம் முன்பு அங்கே புல் வெட்டிக்கொண்டிருந்தபோது, சைக்கிளின் பின்னால் வண்டி கட்டி அதில் குழந்தையை உட்காரவைத்துப் போன ஒரு பெண்ணை லாரி ஒன்று பள்ளத்தில் தள்ளிவிட்டுப் போனது. யாருக்கும் அடியில்லை. குழந்தையைத் தூக்கி வெளியே எடுத்தவர் எர்வே. அதைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. ஆனால் அந்த வாரத்திலிருந்து நிலப்படங்களைத் தேட ஆரம்பித்தார்.

சாலையைத் தவிர்க்க ஒரே வழி லூசியன் பராதேயின் புல்வெளிகள். முன்காலத்தில் அங்கே வண்டிப் பாதை இருந்தது. சிதறிக் கிடந்த நிலங்களை அரசாங்கம் ஒன்றுசேர்த்த காலத்தில் அது அழிந்து லூசியனின் சொந்த நிலமாகிவிட்டது. ஆகவே எல்லாம் லூசியனின் ஒரு சொல்லில் இருந்தது. எழுபது வயது. வெள்ளை மாடு வளர்ப்பவர். வாயைத் திறந்தால் தேய்ந்துவிடும் என்று நினைப்பவர் போல இருப்பார். எர்வே இரண்டு வருடம் கேட்டார். கடைசியில் பதில் வந்தது.

"ஒரு ஞாயித்துக்கிழமை. பாக்கலாம். கேட் விஷயத்துல மட்டும் ஜாக்கிரதை."

நான்கு புல்வெளிகள், நான்கு கேட்கள். எர்வேக்கு ஒரே பயம்: நகரத்துக்காரர்கள் கேட்டைத் திறந்து போட்டுவிட்டுப் போவார்கள், மாடுகள் சாலைக்கு வந்துவிடும். சனிக்கிழமை காலையில் நான்கு பலகைகளில் வெள்ளை பெயின்டால் 'கேட்டை மூடவும், நன்றி' என்று எழுதி ஆணியடித்தார். அப்போது அந்தப் புல்வெளிகளில் ஒரு மாடும் இல்லை.

ஞாயிறு பதினொன்றரை மணிக்கு முதல் கூட்டம் திரும்பியது. வெயில் முப்பத்தொரு டிகிரியைத் தாண்டியிருந்தது. எல்லோருடைய முகத்திலும் புழுதி, எல்லோருக்கும் சிரிப்பு. லியோனிலிருந்து வந்த பல் டாக்டர் ஒருவர் பிரியோஷ் ரொட்டியை மென்றுகொண்டே எர்வேயிடம் சொன்னார்: "ரொம்ப அருமையான வழிங்க. கேட் நாலையும் மூடிட்டோம். ஒண்ணை எவனோ அக்கறை இல்லாம திறந்து கயித்துல கட்டிப் போட்டிருந்தான். நான்தான் அவுத்து மூடினேன். பின்னாடி வரவங்ககிட்டயும் சொல்லிட்டேன்."

சாசேஜைத் திருப்பிக்கொண்டிருந்த எர்வேயின் கை நின்றது.

"எத்தனாவது கேட்?"

"மூணாவது."

இடுக்கியை ஓதீலிடம் கொடுத்துவிட்டு ஏப்ரனோடு சைக்கிளில் ஏறினார். நானும் பின்னால் போனேன். மூன்றாவது கேட் எதற்கு என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். மேல் புல்வெளியில் நிழல் உண்டு, தண்ணீர் இல்லை. ஊற்றும் தொட்டியும் கீழ்ப் புல்வெளியில். மேலே மாடு இருந்தால் அந்த கேட் திறந்தே கிடக்கும். லூசியன் மாடுகளை மேலே கொண்டுவந்து விட்டது சனிக்கிழமை சாயங்காலம்.

நாங்கள் போனபோது லூசியன் அங்கே இருந்தார். கேட்டைத் திறந்துவிட்டிருந்தார். முப்பது மாடுகளும் கன்றுகளும் தொட்டியைச் சுற்றி முட்டி மோதிக் குடித்துக்கொண்டிருந்தன. ஒரு பசு மட்டும் தள்ளி நின்றது. முள்கம்பியைத் தாண்டப் பார்த்திருக்கிறது. தோளில் ஒரு முழ நீளத்துக்குக் கிழிந்து, வெள்ளை ரோமமெல்லாம் சிவப்பு.

லூசியன் குரலை உயர்த்தவில்லை.

"உன் ஆளுங்க ரொம்ப ஒழுக்கமானவங்க, எர்வே. நாப்பத்தொரு பேர். ஒருத்தன்கூட மறக்கல."

"தப்பு என்னுது. பலகை எழுதினவன் நான்."

"தெரியுது. 'நன்றி'ன்னு வேற போட்டிருக்க."

"மூடாம போயிடுவாங்களோன்னுதான் பயந்தேன், லூசியன். மூடுவாங்கன்னு நெனச்சே பாக்கல."

"உங்கப்பா மாடு ஓட்டினவரு. மூடின கேட்டை மூடு, திறந்த கேட்டைத் திறந்தே விடு. இதச் சொல்லித்தரலையா?"

எர்வே பசுவின் பக்கம் போனார். பசுவின் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டார். மாட்டு டாக்டர் வந்து தைத்து முடிக்கும்வரை விடவில்லை. புறப்படும்போது லூசியன் சொன்னார்: "இனிமே சைக்கிள் வேணாம். நீ வரலாம். நடந்து."

அதை எர்வே அப்படியே எடுத்துக்கொண்டார். மறுநாள் நான்கு பலகைகளையும் கழற்றினார். அதற்குப் பிறகு கோடை முழுக்க ஞாயிறுதோறும் அந்தப் புல்வெளிகளுக்கு நடந்து போனார். எந்த மாதம் எந்த கேட் திறக்கிறது, மாடு எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்று பார்த்தார். சில நாள் லூசியனும் வந்து வேலிக்கு அந்தப் பக்கம் நிற்பார். இரண்டு பேரும் மழை வருமா என்று பேசுவார்கள்.

"அவருகிட்ட இன்னொரு தரம் கேட்டுப் பாருங்களேன்," என்றேன்.

"என்ன கேக்கறது? அவரு சொன்னது சரிதானே. பலகையில தப்பு. எல்லா மாசத்துக்கும் பொருந்தற மாதிரி பலகை எழுத முடியாது. கேட்டையே தொடாம போற மாதிரி வழி வேணும்."

இலையுதிர் காலத்தில் எர்வேயின் மைத்துனர் நிலத்தில் முதல் சோதனை நடந்தது. கேட்டுக்குப் பக்கத்தில் மரத்தூண்களை நட்டு, ஆள் வளைந்து வளைந்து நுழையும்படி ஒரு இடுக்கு வழி. என் ஹேண்டில்பாரை நூலால் அளந்து அகலம் வைத்தார். அரை மணி நேரத்தில் ஒரு கன்றுக்குட்டி சிரமமே இல்லாமல் நுழைந்து வெளியே வந்தது. என் சைக்கிள் மாட்டிக்கொண்டது. ஓதீல் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கன்னுக்குட்டிக்கு பந்தயம் வைக்கலாம்ப்பா. அதுக்கு ரூட் ரெடி."

குளிர்காலத்தில் இரண்டாவது யோசனை. பள்ளிக்கூடத்தில் அறைகளைச் சூடாக்கும் பழைய இரும்புக் குழாய்களைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். மேயரிடம் கேட்டு வாங்கி, வரிசையாக இடைவெளி விட்டு வெல்டிங் செய்து, ஒரு முழத்துக்குச் சற்றே கூடுதலான அகலத்தில் சின்னச் சின்னப் பாலங்கள் செய்தார். கேட்டுக்குப் பக்கத்தில் வேலித் தூண்களுக்கு நடுவே தரையில் பதிக்க வேண்டும், அடியில் குழி. இடைவெளியைப் பார்த்தால் மாடு கால் வைக்காது. சைக்கிள் சக்கரம் கடகடவென்று ஓடிவிடும். கேட் திறந்திருந்தால் என்ன, மூடியிருந்தால் என்ன. மைத்துனரின் மாடுகள் ஒரு மாதம் அதை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பின. அந்த மாதம் எர்வே விசிலடித்துக்கொண்டே குழி வெட்டினார், கல்லறையில்கூட. பாதிரியார் கூப்பிட்டுச் சொல்ல வேண்டியிருந்தது.

பிப்ரவரியில் நான்கு பாலங்களை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு லூசியன் வீட்டுக்குப் போனோம். அவை எப்படி வேலை செய்யும் என்று எர்வே காட்டினார். வழி விடச் சொல்லிக் கேட்கவில்லை.

"வச்சுட்டுப் போ," என்றார் லூசியன். "இரும்புதானே, தீனியா கேக்கப்போகுது?"

அவ்வளவுதான். மார்ச் போனது, ஏப்ரல் போனது. பாலங்கள் கொட்டகை ஓரத்தில் சாய்ந்தபடியே இருந்தன. அவற்றின்மேல் கோழி ஏறி உட்கார்ந்தது.

அந்த ஜூனில் சைக்கிள்கள் பெரிய சாலை வழியாகப் போயின. பத்தொன்பது பேர்தான் வந்தார்கள். எர்வே மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு மோசமான வளைவில் காலை முழுக்க கொடி பிடித்து நின்றார். லாரிகள் போன காற்றில் இரண்டு தடவை தொப்பி பறந்தது. கடைசி ஆள் கடந்ததும் கொடியைச் சுருட்டினார்.

"இதோட போதும்," என்றார். "வழி இல்லாம இத நடத்தக் கூடாது. யாராவது ஒருத்தர் அந்தப் பள்ளத்துல விழுந்தா எனக்குத் தாங்காது."

சோகமாகச் சொல்லவில்லை. அன்று மத்தியானம் சரியாகப் பன்னிரண்டுக்கு உட்கார்ந்து ஆட்டுப்பால் சீஸும் ரொட்டியும் எப்போதும்போல ரசித்துச் சாப்பிட்டார். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆற்றுப் பக்கத்துப் பாதையில் தனியாகப் போய்விட்டு வந்தார். வீட்டுக்கு முன்னால் சைக்கிள் ஓட்ட ஒரு பாதை, அதன் ஓரத்தில் தான் வெட்டிய புல். இதற்கு மேல் தனக்காக அவர் கேட்டதில்லை. கேட்டதெல்லாம் அந்தச் சாலையில் போகிறவர்களுக்காகத்தான்.

கைபேசியை எர்வே புல்வெட்டும் வண்டியின் கருவிப் பெட்டியில் அணைத்து வைத்திருப்பார். அதனால்தான் செய்தி எனக்கு வந்தது. செப்டம்பர் கடைசி. நான் சாவோன் ஆற்றுப் பக்கம் திராட்சை அறுவடைக்குப் போயிருந்தேன். லூசியனின் எண்ணிலிருந்து எனக்கு வந்த முதல் செய்தி அது:

"எர்வேகிட்ட சொல்லு. மூணு பாலம் பதிச்சாச்சு. மாடுங்க ரெண்டு நாளா பக்கத்துல நின்னு பாக்குது, ஏறல. நாலாவது ஒரு சாண் குட்டை. வேலித் தூணை நான் நகர்த்த மாட்டேன், குழாயை அவன் நீட்டிக்கட்டும். சனிக்கிழமை வரச்சொல். சைக்கிள்ல வரலாம்."