ஸ்பானர் தட்டும் வரை

என் பழைய ஸ்போர்ட்ஸ் காரின் கிளட்ச் பெடல் ஒருநாள் மிதித்த மிதியில் தரையோடு படுத்துவிட்டது. கரோல் பாக் சந்தொன்றில் இருந்த தமிழ் மெக்கானிக்கிடம் இழுத்துக்கொண்டு போனேன். நெற்றி வரை கிரீஸ் அப்பிய, ஒடிசலான மனிதர். கிளட்ச் ஆயில் குழாயில் காற்று புகுந்திருக்கிறது, அதை வெளியேற்ற வேண்டும் என்றார்.

நான் பெடலை அமுக்கிப் பிடிக்க வேண்டும். அவர் வண்டிக்கடியில் படுத்து, காற்று வெளியேற அந்தக் குழாயின் திருகைத் திறந்து மூடுவார். மூடிய பிறகுதான் நான் காலை எடுக்கலாம்.

“அமுக்குங்க சார். புடிச்சுக்கங்க.”

அத்தோடு சரி. காலை எடுக்கச் சொல்ல மட்டும் வாய் திறப்பதில்லை. ஸ்பானரால் வண்டியின் அடியில் ஒரு தட்டு தட்டுவார். ஒருமுறை பக்கத்துக் கடையின் சத்தத்தை அந்தத் தட்டல் என்று நினைத்து நான் காலை எடுத்துவிட்டேன். காற்று மறுபடி உள்ளே போய்விட்டது.

எனக்கு எரிச்சல். “விடுன்னு வாயால சொன்னா என்னங்க?”

அவர் அடியில் படுத்தபடியே திருகை மறுபடி இறுக்கினார்.

“ஜங்புரால, நாலா ஓரம், அந்தச் சாக்கடைக் கால்வாய் ஓரம் இருந்த எங்க வீட்ட புல்டோசரோட இடிக்க வந்தப்ப, வீட்டுக்காரி கதவ புடிச்சிக்கிட்டு நின்னா சார். யார் சொல்லியும் நகரல. நான்தான் விடுன்னேன். ஒடனே விட்டுட்டா. அன்னிலேருந்து எங்கூட ஒரு வார்த்தை பேசல. மறுபடி அமுக்குங்க.”

பெடல் இப்போது சரியாக இருக்கிறது. ஆனால் சிக்னலில் பச்சை விழுந்தாலும் கால் உடனே கிளட்சை விட்டு வருவதில்லை. அடியிலிருந்து அந்தத் தட்டல் வரட்டும் என்று காத்திருக்கிறேன் போல. பின்னால் ஹார்ன் அடிக்கிறார்கள்.