என் வீட்டில் மட்டும் திறக்கும் லிங்க்

அப்பாவுக்கு இதய ஆபரேஷன் அவசியம்தானா என்று இன்னொரு டாக்டரிடம் கேட்க, மஸ்கட்டில் இருக்கும் அண்ணன் அங்கேயே இன்றைக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருந்தான்.

ரிப்போர்ட்டுகள் ஏராளம். டாக்டர் தேடிக் குழம்பக் கூடாதே என்று மைண்ட் மேப் சாப்ட்வேரில் நடுவே அப்பா பெயரைப் போட்டு, எக்கோ, ஆஞ்சியோ, மாத்திரை என்று கிளை பிரித்து, ஒவ்வொன்றிலும் அதற்குரிய ரிப்போர்ட்டுக்கு லிங்க் வைத்தேன். இங்கே மயிலாடியில் எல்லாம் அழகாகத் திறந்தது. பெருமையோடு அனுப்பினேன்.

மதியம் டாக்டர் அறையிலிருந்தே அண்ணன் கூப்பிட்டான்.

"ஏட்டி, என்னத்த அனுப்புன? ஒண்ணும் தொறக்கல்லியே!"

"நல்லா அமுக்குனியா அண்ணே?"

"விரலு தேஞ்சு போச்சு மக்கா. ஃபைல் இல்லன்னுதான் வருது. டாக்டர் வாட்ச்சைப் பாக்காரு."

அப்போதுதான் உறைத்தது. நான் வைத்த லிங்க் அத்தனையும் என் கம்ப்யூட்டரில் உள்ள ஃபோல்டரைத்தான் காட்டுகின்றன. வைக்கும்போது அந்தச் சாப்ட்வேர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஒவ்வொரு ரிப்போர்ட்டாக வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பக்கத்தில் அப்பா, "அவன் என்ன சொல்லுகான்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எரிச்சலில் அவரிடம் கத்திவிட்டேன்.

டாக்டர் அண்ணனின் போனிலேயே பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, இப்போதைக்கு மாத்திரையே போதும் என்றாராம். அப்பா சிரித்தார். எனக்கு அழுகை வந்தது.

ஆனாலும் கோபம் இன்னும் ஆறவில்லை. "இது உன் வீட்டில் மட்டும்தான் திறக்கும்" என்று முன்கூட்டியே சொல்லும் சாப்ட்வேர் எதுவும் உண்டா? தெரிந்தவர்கள் கமெண்டில் பெயரை எழுதுங்கள்.

தயவுசெய்து லிங்க் மட்டும் போடாதீர்கள்.