வளையல்காரி வேணி கேட்கிற கதை

வேணி என்ற பெயரை மணிமேகலை முதன்முதலில் கேட்டது ஒரு மிரட்டலாகத்தான். "நாளைக்கு வேணி வருது. கொஞ்சம் வாயைக் கட்டி வச்சுக்குங்க அண்ணி" என்று மாமியார் ரங்கநாயகி அடுக்களையில் தன் நாத்தனார் பவுனம்மாளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். மறுநாள் மணிமேகலைக்கு வளைகாப்பு. யாருக்கும் அடங்காத பவுனம்மாள், முறுக்கு மாவு அப்பிய கையோடு, "நான் என்ன பொய்யா சொல்றேன்" என்று முனகியதோடு நிறுத்திக்கொண்டாள். தான் பெரியம்மா என்று கூப்பிடும் பவுனம்மாளையே நிறுத்த ஒரு ஆள் இருக்கிறதா என்று மணிமேகலைக்கு ஆச்சரியம்.

பவுனம்மாள் கெட்டவள் இல்லை. காட்டூரில் தங்கள் வகையறாவில் யார் யாருக்குப் பங்காளி, எந்த ஊரில் பெண் கொடுத்தது, எந்த ஊரில் எடுத்தது என்று கேட்டால் மூச்சு விடாமல் சொல்வாள். மணிமேகலை மாசமானதிலிருந்து அவளுக்குப் பிடிக்குமே என்று முறுக்கும் அதிரசமும் சுட்டுக்கொண்டு வந்து போனாள். கூடவே கதையும் வரும். இன்னார் மருமகளுக்குக் கொடி சுற்றிக்கொண்டது, இன்னார் மகள் அலறியது நாலு வீட்டுக்குக் கேட்டது, தனக்கு மூத்தவன் பிறந்தபோது எமனைக் கண்ணால் பார்த்தது. முறுக்கு தீர்ந்தாலும் கதை தீராது.

மணிமேகலை என்.எஸ்.பி. ரோட்டு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் நிற்கிறவள். முகம் சுளிக்கிற வாடிக்கையாளரையும் நாலு புடவை எடுக்க வைக்கிற வாய். அந்த வாய் இந்தக் கதைகளைக் கேட்டுக் கேட்டு அடைத்துப் போனது. கடையில் வேலை ஜாஸ்தி என்று சாக்குச் சொல்லி வளைகாப்பையே இரண்டு தடவை தள்ளிப் போட்டாள். வளையல் போட்டுவிட்டால் அடுத்தது அதுதானே. ஸ்கேன் எடுத்த டாக்டரம்மாவிடம், இன்னும் கொஞ்ச நாள் பிள்ளை உள்ளேயே இருந்தால் தப்பா என்று கேட்டிருக்கிறாள். டாக்டரம்மா சிரித்தார். இவள் சிரிக்கவில்லை. ரங்கநாயகிக்கு மருமகள் முகம் புரியாமலில்லை. சுகப்பிரசவம் ஆகவேண்டும் என்று மலைக்கோட்டைத் தாயுமானவருக்கு வாழைத்தார் நேர்ந்துகொண்டாள். கையோடு வேணிக்கும் போன் போட்டாள்.

வேணிக்கு ஸ்ரீரங்கம் தெற்கு வாசலில் கதவகலத்துக்கு ஒரு வளையல் கடை. ஐம்பதைத் தாண்டிய வயது. மல்லிகைப் பூ நசுங்கக்கூடாது என்று ஹெல்மெட்டைப் பின்பக்கம் தூக்கினாற்போல் மாட்டிக்கொண்டு, பழைய புடவையில் சுற்றிய வளையல் பெட்டியைக் கால்மாட்டில் வைத்து, ஸ்கூட்டியில் மாட்டு வண்டி வேகத்தில் வருவாள். வளைகாப்பு என்றால் திருச்சி முழுக்க அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவள் கைராசிக்கு, "எல்லாம் தாயார் அனுக்கிரகம்டி" என்று, கோயிலுக்குப் போகிற வழியில் கடையில் நிற்கிற கோதைநாயகி மாமி சொன்னால், "கொஞ்சம் என் தேங்காயெண்ணெயும் இருக்கு மாமி" என்பாள். ஏறாத வளையலை ஏற்றக் கையில் பால் கவரை மாட்டுகிற வித்தையெல்லாம் அவளிடம் கிடையாது. எண்ணெய் தொட்டு, விரல் முட்டியை ஒவ்வொன்றாக நீவிவிட்டு, பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஏற்றிவிடுவாள்.

அவளுக்கு ஒரு சட்டம் உண்டு. மணையில் உட்கார்ந்த பெண்ணுக்குச் சந்தனம் பூசி வளையல் போட வருகிற ஒவ்வொருத்தியும், தன் பிரசவத்தில் சிரிப்பு வந்த சங்கதி ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் போட வேண்டும். ஆபரேஷனில் பெற்றவர்களுக்கும் விலக்கு இல்லை. "வயித்தைக் கீறினா கதை இல்லாமப் போயிடுமா?" என்பாள். யாராவது, அதை ஏன் கேட்கிறாய், நான் பட்ட பாடு என்று இழுத்தால், தன் இரண்டு கை வளையலையும் தூக்கிப் பிடித்துக் குலுக்குவாள். அந்தச் சத்தத்தில் மேற்கொண்டு எதுவும் கேட்காது.

காட்டூர் வீட்டுக் கூடத்தில் அன்று வேணி முதலில் வேப்பிலைக் காப்பைப் போட்டுவிட்டுக் கண்ணாடி வளையலை எடுத்தாள். மணிமேகலையின் கை கட்டை போல் விறைத்திருந்தது. முதல் வளையல் பாதி ஏறி நொறுங்கியது. இரண்டாவதும் நொறுங்கியது. வளையல் உடைந்தது என்று சொல்லக்கூடாது. பெருகிடுச்சு, பெருகிடுச்சு என்று பெண்கள் அவசரமாக முணுமுணுத்தார்கள். ரங்கநாயகிக்கு முகம் வெளுத்துவிட்டது. பவுனம்மாள் வாயைத் திறந்து, வேணியைப் பார்த்து, மூடிக்கொண்டாள்.

வேணி அடுத்த வளையலை எடுக்கவில்லை. கையைப் பிடித்தபடியே கேட்டாள். "பயமா இருக்கா தங்கம்?"

அத்தனை பேர் முன்னால் மணிமேகலை சொல்லிவிட்டாள். "செத்துப் போயிருவேனோன்னு இருக்குக்கா."

மங்கல வீட்டில் விழக்கூடாத சொல். அப்படியெல்லாம் பேசாதே என்று வேணி அதட்டவில்லை. "எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. நான் ஆஸ்பத்திரிய விட்டே ஓடிட்டேன்" என்றாள்.

நிஜமாகவே ஓடியிருக்கிறாள். முதல் பிள்ளைக்கு வலி கண்டதும் புத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நர்சம்மா அந்தப் பக்கம் திரும்பின நேரம் பார்த்து, இவள் வாசலைத் தாண்டி எதிர் டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்து வடை தின்றாள். வலி வரும்போது பெஞ்சைப் பிடித்துக்கொள்வது, போனதும் ஒரு கடி கடிப்பது. டீ மாஸ்டர் பதறியடித்து உள்ளே ஓடினார். தேடி வந்த நர்சம்மா திட்டவில்லையாம். பக்கத்தில் உட்கார்ந்து தனக்கும் ஒரு டீ சொல்லி, "வடையைத் தின்னு முடி, சேர்ந்தே போவோம்" என்றார்களாம். நின்று நின்று இருவரும் கைகோத்து நடந்து போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் பிள்ளை பிறந்துவிட்டது. "அந்தப் பய இன்னைக்கும் வடை இல்லாம டீ குடிக்க மாட்டான்" என்று முடித்தாள் வேணி.

கூடம் கலகலத்தது. எதிர்வீட்டு மருமகள், ஆபரேஷன் மேஜையில் மயக்க ஊசி போட வந்தவர் தன்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த பையன் என்றும், பரீட்சையில் இவளைப் பார்த்து எழுதியவன் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது என்றும் சொன்னாள். அப்புறம் வரிசையில் பவுனம்மாளின் முறை. எனக்கு அப்படி ஒன்றும் இல்லை என்று நகரப் பார்த்தாள். வேணி விடவில்லை. கிழவி சந்தனக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நின்றவளுக்கு என்ன தோன்றியதோ, உதட்டோரம் துடித்தது.

"சின்னவன் பொறந்தப்ப எங்க வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியல. கல்கண்டுன்னு நினைச்சு, தெரு முழுக்கக் கல்லுப்பை அள்ளிக் குடுத்துட்டாரு. ஒருத்தரும் சொல்லலியே! வாயில போட்டுக்கிட்டு, நல்லா இருக்குங்க நல்லா இருக்குங்கன்னு போயிருக்காங்க."

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். பெரியம்மா சிரித்து மணிமேகலை பார்த்ததே இல்லை. தெருவே உப்பை மென்றுகொண்டு நின்றது அவள் கண்ணுக்குத் தெரிந்தது. மணிமேகலையும் வயிறு குலுங்கச் சிரித்தாள். சிரித்து ஓய்ந்து குனிந்தால், இரண்டு கையிலும் வளையல். எப்போது ஏறியது என்று தெரியவில்லை. வேணி அடுத்த ஆளுக்கு அளவு பார்த்துக்கொண்டிருந்தாள்.

வலி வந்தபோது பயம் வராமல் இல்லை. வந்தது. ஆனால் தனியாக வரவில்லை. கல்லுப்பையும் வடையையும் கூடவே கூட்டிக்கொண்டு வந்தது. புத்தூர் ஆஸ்பத்திரியில் மணிமேகலைக்கு அவள் அம்மா இடுப்பைத் தேய்த்துவிட, நர்ஸ் ரோசரி பக்கத்திலேயே நின்றாள். ரோசரி தன் தங்கை கல்யாணத்துக்குப் புடவை எடுப்பது பற்றி இன்னொரு நர்சிடம் பேசிக்கொண்டிருந்தது மணிமேகலையின் காதில் விழுந்தது. சொன்ன கடை அவளுக்குப் பொறுக்கவில்லை. ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவில் தலையைத் தூக்கி, அங்கே எடுக்காதீங்க, சாயம் போகும் என்றாள். பிறகு எங்கே எடுக்கலாம் என்று ரோசரி கேட்டாள். மணிமேகலை மூச்சை இழுத்து இழுத்துத் தன் கடைக்கு வழி சொல்ல ஆரம்பித்தாள்.

மறுநாள் மணிமேகலை வேணிக்குப் போன் போட்டபோது, ஆணா பெண்ணா, எடை என்ன, என்றெல்லாம் வேணி கேட்கவில்லை.

"சிரிச்சியா?"

"சிரிச்சேங்க்கா. கடைக்கு வழி சொல்லி முடிக்கிறதுக்குள்ள பொண்ணு வந்துட்டா. ரோசரி சிஸ்டர் பிள்ளையைக் கையில ஏந்திக்கிட்டு, லெப்ட்டா ரைட்டாங்கறாங்க."

எதிர்முனையில் வளையல் குலுங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. வேணி சிரித்தால் அப்படித்தான், கை முதலில் சிரிக்கும்.

இப்போது வேணி லால்குடியில் இருக்கிறாள். ஒரு வீட்டுக் கூடத்தில், வாயும் வயிறுமாக உட்கார்ந்திருக்கிற ஒருத்தியின் கையை மடியில் வைத்துக்கொண்டு, மணிமேகலை புடவைக் கடைக்கு வழி சொன்ன கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.