அக்கா கூப்பிடாத ஆள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் முகம் கழுவியதும் நான் போய் ஏறுவது வெங்காயம் நிறுக்கும் தராசில்தான். அப்பா மூட்டை வைக்கும் தட்டில் வெறுங்காலோடு நிற்பேன். ஐம்பத்து நான்கு கிலோ. கொஞ்சம் கூடினாலும் அன்று இரவுப் புட்டு பாதியாகிவிடும். கலியாணம் பேசுகிற வயதில் எலும்பும் தோலுமாய் நிற்கிறாளே என்று அம்மா புறுபுறுப்பார்.

ஐம்பத்து நான்கு என்பது அக்காவின் போட்டி நிறை. அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. யாழ்ப்பாணத்தில் நாங்கள் குத்துச்சண்டை பழகிய மண்டபத்தில் மூத்தவர், மாகாணச் சம்பியன். கழகத்தின் ஆண்டு விழாவில் கடைசிப் போட்டி எப்போதும் சம்பியனுக்கு. எதிராளியை அவரே கூப்பிடலாம், நிறை மட்டும் ஒத்துவர வேண்டும். நான் அளவெட்டியிலிருந்து பஸ் ஏறிப் போனதெல்லாம் அந்த ஒரு கூப்பிடுதலுக்காகத்தான். பயிற்சியில் தொட்டுத் தொட்டு விளையாடியதோடு சரி. அவரோடு உண்மையாக மோதி அடிபட வேண்டும் என்று அவ்வளவு ஆசை எனக்கு.

அக்கா ஒவ்வொரு வருடமும் வேறு யாரையோ கூப்பிட்டார். கடைசி வருடம் கூப்பிட்டது பண்டத்தரிப்பிலிருந்து புதிதாக வந்த ஒருத்தியை. பாவம், கையுறைக்குள் கை ஒழுங்காக நுழைய முன்னமே அவளுக்குப் போட்டி முடிந்துவிட்டது. அடுத்த நாள் எங்கள் சந்தித் தேநீர்க்கடையில் இதே கதைதான். சம்பியன் ஆள் பார்த்து அடிக்கிறாள், நோஞ்சான்களாகப் பொறுக்குகிறாள் என்று ஒரு பக்கம். எங்கள் அப்பாவோ அக்காவின் பக்கம். பட்டத்தைக் காப்பாற்றுவதும் திறமைதான் என்று என் முன்னாலேயே வாதாடினார். எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை.

பிறகு பஸ் நிலையத்தில் அக்காவையே மறித்துக் கேட்டேன்.

"ஏனக்கா என்னைக் கூப்பிடேல்லை? பயமோ?"

அக்கா சிரிக்கவில்லை. "உன்னைக் கடைசிக்கெண்டு வைச்சிருந்தனான். உன்னோடையும் அடிபட்டா, பிறகு எனக்கு இஞ்சை ஆர் மிச்சம்?"

அடுத்த விழாவுக்கு என் பெயரைத்தான் சொல்வதாக வாக்குக் கொடுத்தார். அந்த விழா வருவதற்குள் அக்காவுக்குக் கலியாணம் சரிவந்து, விசாவும் வந்து, சுவிசுக்குப் போய்விட்டார்.

இப்போது நான்தான் சம்பியன், கடைசிப் போட்டி எனக்கு. நான் கூப்பிடுகிற பிள்ளைகளைப் பார்த்து, இவளும் ஆள் பார்த்துத்தான் அடிக்கிறாள் என்று அதே கடையில் அதே வாய்கள் சொல்கின்றன. அப்பா இன்னும் சம்பியனின் பக்கம்தான். சொல்பவர்கள் சொல்லட்டும். நான் கூப்பிட விரும்புகிற ஆள் இங்கே இல்லை. மேடையில் ஏறி எதிர்மூலையைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு ஒருமுறை வெறுமையாகிப் போகும். வென்று இறங்கினாலும் அது போவதில்லை.

போன கிழமை அக்கா தொலைபேசியில் வந்தார். மகளோடு கோயில் திருவிழாவுக்கு வருகிறாராம். பிள்ளையின் பல், சுவிஸ் குளிர் எல்லாம் கதைத்து முடித்துவிட்டு, சும்மா கேட்பதுபோல் கேட்டார்.

"இப்ப என்ன நிறை நீ?"

"ஐம்பத்து நாலு."

அக்கா மெல்லச் சொன்னார்.

"நான் இப்ப அறுபத்தெட்டு கிலோ."

தராசில் ஏறி நின்ற ஞாயிறுகளும், மிச்சம் வைத்த புட்டும், அம்மாவிடம் வாங்கிய ஏச்சும் எல்லாம் ஒன்றாய் நினைவுக்கு வந்தன.

"குறையுங்கோ அக்கா," என்றேன். "நான் இதிலையே நிக்கிறன்."